அப்பா தட்டிப் பார்த்த வள்ளங்கள்

ஆலப்புழை படகுத்துறையில் இறங்கியதும் அப்பா செய்த முதல் காரியம், கட்டிக் கிடந்த அரசுப் படகின் பக்கவாட்டை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டியதுதான். டிக்கெட் எங்கே, கழிப்பறை எங்கே, டீ எங்கே என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "இரும்பு" என்றார். அத்தோடு அந்தப் படகின் மேல் அவருக்கு இருந்த ஆர்வம் தீர்ந்துபோனது.

அப்பா தூத்துக்குடி ஓடாவி. தோணி கட்டியவர். நாற்பது வருஷம் உளியும் வாய்ச்சியுமாக இருந்தவர். வரைபடம் என்று ஒரு தாளை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை. அடிமரமான ஏராவைப் போட்டு, விலா எலும்பு மாதிரி வங்கு நிறுத்தி, கண்ணால் ஒரு வளைவைப் பார்த்துப் பலகை ஏற்றுவார்கள். கடைசியில் முந்நூறு டன் சரக்கோடு மாலத்தீவுக்கோ லட்சத்தீவுக்கோ போகிற ஒரு தோணி நிற்கும். எனக்கோ கணக்கெழுதும் வேலை. மரத்தைத் தட்டினால் மரச்சத்தம் கேட்கும், அவ்வளவுதான் தெரியும். ஆனால் சொற்களில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஆகவே இந்த நான்கு நாள் பயணத்தில் அவர் மரம் பார்த்தார், நான் பேர் பார்த்தேன்.

கண்புரை அறுவை முடிந்து ஆறு மாதமாகியிருந்தது. "புதுக் கண்ணுல ஏதாச்சும் பாக்கணும்லே" என்றார். கேரளத்து வேம்பநாட்டுக் காயலுக்கு, அந்தப் பெரிய உப்பங்கழிக்குப் போவோமா என்றேன். கடல்காரர்களுக்குக் காயல் என்றால் ஒரு இளக்காரம் உண்டு, குளத்தில் மிதப்பதெல்லாம் ஒரு படகா என்று. யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகில் இரண்டரை மணி நேரப் பயணம். பஸ் டிக்கெட் மாதிரிதான் விலை. சுற்றுலாப் படகில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்ப்பதை இதில் சில்லறைக்குப் பார்க்கலாம் என்பது என் கட்சி. அதோடு, வாடகைப் படகில் நீங்கள் ஒரு படகில் இருக்கிறீர்கள், அவ்வளவே. அரசுப் படகில் ஊரே ஏறி இறங்கும். ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவர் சொந்த வள்ளத்தை மரத்தில் கட்டிவிட்டு, நாம் சைக்கிளைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிற மாதிரி ஏறுவார்.

புன்னமடையைத் தாண்டும்போது தங்கும் படகுகள் வரிசையாக நின்றன. மூங்கில் கூரை, குளிர்சாதனம், மாடி, சில படகுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் நீல வெளிச்சம்.

"ஏலே, இது வள்ளமா லாட்ஜா?"

"இதுக்குக் கெட்டுவள்ளம்னு பேருப்பா."

"கெட்டுத்தான் போச்சு" என்றார்.

மலையாளத்தில் கெட்டு என்றால் கட்டு. கட்டிய வள்ளம். பலகைகளைக் கயிற்றால் கட்டித் தைத்தது. ஒரு எழுத்து மாறியதில் நம் காதில் அது கெட்டுப்போன வள்ளமாகிவிடுகிறது. ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன சரக்கு வள்ளங்கள் இவை. பெரியவை முப்பது டன் வரை ஏற்றும். இரண்டு மூன்று பேர் நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே போவார்கள். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். ரோடும் பாலமும் வந்தபின் லாரி ஜெயித்தது. 1990களின் தொடக்கத்தில் யாரோ இந்த வள்ளங்களுக்குள் கட்டிலைப் போட்டு வெள்ளைக்காரர்களை ஏற்றினார்கள். நெல் கிடந்த இடத்தில் இப்போது தேனிலவுத் தம்பதிகள் கிடக்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒரு தீர்ப்பும் இல்லை. கட்டில் வராமல் போயிருந்தால் அந்தத் தையல்காரர்கள் என்றோ வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆனால் மாடி வைத்த வள்ளத்தைப் பார்க்கும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும். உயரம் கூடினால் ஆட்டம் கூடும் என்பது அவருடைய முதல் பாடம்.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும்தான் சுவாரசியம் ஆரம்பித்தது. ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய ஒடிசலான வள்ளத்தில் ஒருவர், கையில் நீளக் கம்பு. அவருக்கு முன்னால் தண்ணீர் முழுக்க வாத்து. ஆயிரம் இருக்கும். வள்ளம் இடப்பக்கம் சாய்ந்தால் வாத்துக் கூட்டம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. நம் ஊரில் ஆடு மேய்ப்பவர் நடப்பதை இவர் மிதந்து செய்கிறார். எங்கள் படகு ஓட்டுநர் இன்ஜினைக் குறைத்து, வாத்துகள் கடக்கும்வரை நின்றார். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

அடுத்து ஒரு வள்ளம், கிட்டத்தட்ட முழுகிக்கொண்டிருந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கூட இல்லை. உள்ளே கருப்பாகக் குவியல். கக்கா, அதாவது கருப்பு மட்டி. காயலின் அடியில் வாரி எடுத்து, சதையைக் கறிக்கும் ஓட்டைச் சுண்ணாம்புக்கும் அனுப்புவார்கள். அப்பா எழுந்து நின்றே பார்த்தார். "அலை இல்லாத தண்ணி. அதான் இவ்வளவு தைரியம். நம்ம கடல்ல இப்படி ஏத்தினா ஒரே அலைக்குக் காணாமப் போவான்" என்றார். குரலில் கண்டிப்பு இருந்தது. அது பொறாமையாகவும் இருக்கலாம். வள்ளத்துக்குக் கொடுத்த இடமெல்லாம் சரக்குக்கே என்பது எந்த ஓடாவிக்கும் கனவல்லவா.

ஒரு வீட்டுப் படித்துறையில் வள்ளம் ஒன்று முழுசாகத் தண்ணீருக்குள் கிடந்தது. முன்பக்கமான அணியத்தின் மூக்கு மட்டும் வெளியே. நான் ஐயோ என்றேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். வேலை இல்லாத நாட்களில் வேண்டுமென்றே முக்கி வைப்பார்களாம். வெயிலில் காய்ந்தால் பலகை வெடிக்கும், தண்ணீருக்குள் கிடந்தால் மரம் ஊறி இறுக்கமாக இருக்கும். வேண்டும்போது தூக்கி ஆட்டித் தண்ணீரை இறைத்துவிட்டால் போதும். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார், இதுகூடத் தெரியாமல் என் மகனா என்பது போல.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம்தான் என் மலையாளத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இங்கே அரசு மளிகைக்கடையே படகில் வந்து போன காலம் உண்டு என்றார். அதற்குப் பேர் 'ஒழுகுந்ந மாவேலி ஸ்டோர்'. நான் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் நெற்றி சுருங்கியது.

"ஒழுகுற படகுல எதுக்குலே அரிசியை ஏத்துறான்?"

மலையாளத்தில் ஒழுகுவது என்றால் தண்ணீரோடு மிதந்து போவது. அந்தக் காலத்துத் தமிழிலும் ஆறு ஒழுகியது, காலம் ஒழுகியது. நாம்தான் அந்தச் சொல்லைக் கூரைக்கும் குழாய்க்கும் ஒதுக்கிவிட்டோம். இதை விளக்கி முடிப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் என்ன தகராறு என்று கேட்க, அவருக்கு ஒரு தடவை விளக்க, அவர் அதை முன்சீட்டுக்குச் சொல்ல, அந்தப் படகில் கொஞ்ச நேரம் நாங்கள் பிரபலமானோம்.

ஆற்றைக் கடக்கும் ஒரு இடத்தில் ஜங்கார் வந்தது. இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே பலகை அடித்து இணைத்த மேடை. அதன்மேல் ஒரு ஆட்டோ, இரண்டு பைக், ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் கூட்டம், ஒரு ஆடு. பெரிய துறைகளில் இப்போது இரும்பு ஜங்கார்தான். இது பழைய மர ஜாதி. அப்பா முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "ஒத்தைக்கு ஒத்தை நின்னா ரெண்டும் கவுந்துரும். சேத்துக் கட்டினா ஆட்டோவே ஏறுது பாரு." இந்த ஜங்காரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதனிடம் திரும்பி வருவேன்.

மறுநாள், விடுதிக்காரர் சொன்ன வழியில் ஆட்டோ பிடித்து ஒரு வள்ளப் பட்டறைக்குப் போனோம். பட்டறை என்றால் தென்னந்தோப்புக்குள் ஒரு ஓலைக் கொட்டகை. நடுவில் பாதி முடிந்த கெட்டுவள்ளம், பெரிய மீன் ஒன்றைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி. அப்பா அனுமதி கேட்கவில்லை. நேராகப் போய்த் தட்டினார். மூன்று தட்டு. பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல்.

"அயினி."

அங்கிருந்த மூத்த ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "ஆஞ்ஞிலி" என்றார். ஒரே மரம், இரண்டு பேர். அப்புறம் நான் தேவைப்படவில்லை. அணியம் என்றால் அவருக்கும் அணியம். பின்பக்கமான அமரம் என்றால் அவருக்கும் அமரம். பலகை பலகைதான், கயிறு கயிறுதான். ஒருவர் தூத்துக்குடித் தமிழிலும் இன்னொருவர் குட்டநாட்டு மலையாளத்திலும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோதெல்லாம் இருவருமே கையமர்த்தினார்கள்.

வேலை இப்படி. பலகையின் விளிம்போரமாக வரிசையாகத் துளை. இரண்டு பலகைகளும் சேரும் கோட்டின்மேல் தென்னை நாரைத் திரித்து நீளவாக்கில் வைக்கிறார்கள். அதற்கு மேலாகத் தேங்காய்நார்க் கயிறு, துளைக்குத் துளை குறுக்காக ஓடுகிறது. ஒரு ஆள் வள்ளத்துக்கு உள்ளே, ஒரு ஆள் வெளியே. வெளியே இருப்பவர் கயிற்றைத் தள்ள, உள்ளே இருப்பவர் வாங்கி, ஒரு கட்டையில் சுற்றி, காலை முட்டுக்கொடுத்து இழுக்கிறார். கயிறு கிர்ரென்று கத்துகிறது. நாரின்மேல் கயிறு அழுத்த, நார் இடுக்கை அடைக்கிறது. ஒரு ஆணி கிடையாது. எல்லாம் முடிந்தபின் முந்திரித் தோட்டிலிருந்து எடுத்த கரும் எண்ணெயைப் பூசுகிறார்கள். அந்த வாடையை இப்போது எழுதும்போதும் மூக்கு நினைவு வைத்திருக்கிறது. கொஞ்சம் எரியும், கொஞ்சம் இனிக்கும்.

அப்பாவின் வேலையில் இந்த இடம் கலப்பத்து. பலகை இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து உளியால் அறைந்து இறக்குவது. போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் அது. அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார். அது எங்கள் தாத்தா காலத்துச் சொல் என்பார்.

"ஆணி ஏன் அடிக்கல?" என்று அப்பா கேட்டார். அவருக்கு இது தொழில் கேள்வி, குறை சொல்வதில்லை.

ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் தின்றுவிடும் என்றார் ஆசாரி. கயிறு இற்றுப்போனால் அறுத்துப்போட்டுவிட்டு வேறு கயிறு. பலகை அப்படியே இருக்கும், பழைய துளையிலேயே புதிய தையல். அப்பா தலையாட்டினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார்: "நாங்க அறைஞ்சு சேக்கிறோம். இவங்க தைச்சுச் சேக்கிறாங்க. தைச்சது கொஞ்சம் நெகிழும்லே. தரை தட்டினாலும் ஒடையாது." நம் கிழக்குக் கரையிலும் இந்தத் தையல் இருந்தது. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவைதான். ஆணி அடித்த வெள்ளைக்காரப் படகுகள் அந்த அலையில் உடைந்தபோது இவை வளைந்துகொடுத்துத் தப்பித்தன.

அந்த ஆசாரி விடை கொடுக்கும்போது அப்பா கையில் ஒரு முழம் கயிறு கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுண்டன் வள்ளம், அதாவது படகுப் போட்டியில் ஓடும் பாம்புப் படகு, அதைப் பார்க்காமல் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே அதையும் பார்த்தோம். ஓட்டமில்லாத மாதங்களில் கொட்டகைக்குள் தூங்குகிறது. நூறு அடிக்கு மேல் நீளம், அமரம் மட்டும் பாம்புப் படம்போல மேலே எழுந்து நிற்கும். நான்கு பேர் அங்கே நின்று நீளத் துடுப்பால் திசை பிடிப்பார்கள். 1952-ல் நேரு வந்து போட்டியைப் பார்த்து, உற்சாகத்தில் ஜெயித்த வள்ளத்துக்குள் குதித்து ஏறிவிட்டார். பிறகு டெல்லியிலிருந்து வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து அனுப்பினார். அதுதான் இன்றுவரை நேரு கோப்பை. இதெல்லாம் ஆகஸ்ட் மாதத்து டிவியில் எல்லாரும் பார்த்ததே.

எனக்குப் பிடித்தது அதே போட்டியில் ஓடும் சின்ன ஜாதிகள். யாரும் படம் எடுக்காதவை. ஒன்று வெப்பு வள்ளம். படை முன்னால் போனால் பின்னாலேயே சமைத்துக்கொண்டு போன வள்ளம் என்கிறார்கள். வைப்பு என்றால் சமையல், நம் பழைய சொல்லும் அதுவே. இன்னொன்று இருட்டுக்குத்தி. இருட்டைக் குத்திக்கொண்டு போவது. உயர்ந்த அமரம் கிடையாது, தண்ணீரோடு தண்ணீராகப் படிந்திருக்கும். கள்ளக்கடத்தலுக்கும் திடீர்த் தாக்குதலுக்கும் ஏற்றது. ஒரு கள்ளப் படகுக்கு இதைவிடப் பொருத்தமான பேரை எந்தக் கவிஞனாலும் வைக்க முடியாது. சமையல்காரனும் கள்ளனும் இப்போது வருஷத்துக்கு ஒருமுறை கைதட்டலுக்காகத் துடுப்பு போடுகிறார்கள்.

வைக்கத்துக்கு அப்பா வந்தது பெரியாருக்காக. 1924 போராட்டம், சிறை, நினைவகம் எல்லாம் பார்த்தார். நிதானமாக ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். அப்புறம் படகுத்துறைக்குப் போனோம். அங்கிருந்து தவணக்கடவுக்கு ஓடும் 'ஆதித்யா', இந்தியாவின் முதல் சூரிய ஒளிப் பயணிகள் படகு. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 75 பேர் உட்காரலாம். கூரை முழுக்கச் சூரியத் தகடு. கால் மணி நேரப் பயணம். இன்ஜின் சத்தம் இல்லை என்பதை அப்பா முதலில் நம்பவில்லை. கரை நகர்ந்தபின்தான் "ஓ, கிளம்பிட்டானா" என்றார். அக்கரை போய், அதே படகில் திரும்பி, மறுபடியும் ஒரு தடவை போய்வந்தோம். இரண்டாவது தடவை குனிந்து பார்த்துவிட்டு என் கையைத் தட்டினார். "அடியில ரெண்டு உடம்புலே. அன்னைக்குப் பாத்தோம்ல, ஆட்டோ ஏத்தினது. அதேதான்."

கொச்சியில் கடைசி நாள், வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. மின்கலத்தில் ஓடும் நூறு பேர் படகு, ஏசி, பெரிய கண்ணாடி, ஏறும் மேடையும் படகுத் தளமும் ஒரே மட்டம். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய அதே கொச்சி கப்பல் கட்டும் தளம்தான் இதையும் கட்டியது. அப்பா தட்டினார். "அலுமினியம்." ஊழியர் ஒருவர் வந்து, என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா ஓடாவி என்று சொன்னதும் அந்தப் பையனுக்கு ஒரே சந்தோஷம். படகைப் பற்றி ஒப்பித்தான், "இது கேட்டமரான் சார்" என்று முடித்தான்.

அப்பா என்னைப் பார்த்தார். "கட்டுமரமா? இதா?"

அவர் கேட்டது நியாயம். கட்டுமரம் என்றால் மூன்று நான்கு மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. அலை மேலே ஏறி, இடுக்கு வழியாக இறங்கிப் போகும். கரைக்கு வந்தால் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1690களில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதியபோது இந்த மரங்களைத்தான் அந்தப் பேரால் குறித்தார். பிற்பாடு எங்கோ பேர் கை மாறிவிட்டது. 1876-ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் என்பவர் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகை நியூயார்க்கில் ஓட்டி எல்லாரையும் தோற்கடித்தார். அந்த வகைக்குத்தான் நம் கட்டுமரத்தின் பேர் ஒட்டிக்கொண்டது.

சரி, இரண்டு உடலைச் சேர்த்த படகுக்கு நம்மிடம் பேர் இல்லையா? இருக்கிறது. இங்கேதான் அந்த ஜங்கார் திரும்பி வருகிறது. மலையாளத்தில் சங்ஙாடம். தமிழ் அகராதியில் சங்கடம், இரட்டைத் தோணி. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன், செங்கடல் வழியாக இங்கே வந்த வியாபாரிகளுக்காக எழுதப்பட்ட கிரேக்கக் கையேடு ஒன்றும் நம் கிழக்குக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களைச் 'சங்கரா' என்கிறது. நமக்கு இன்று சங்கடம் என்றால் மனசுக்குள் நடப்பது மட்டும்தான். படகை மறந்துவிட்டோம்.

கூத்து இதோடு முடியவில்லை. போர்த்துகீசியர் அந்தச் சொல்லை இங்கிருந்து எடுத்துப்போய் 'ஜங்காடா' ஆக்கினார்கள். பிரேசிலில் இறங்கியபோது, அங்கே மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கடலில் போவதைப் பார்த்து அதற்கு அந்தப் பேரை வைத்தார்கள். அதாவது நம் கட்டுமரத்தின் பேர் இங்கிலீஷில் போய் இரட்டைப் படகாகிவிட்டது. நம் இரட்டைப் படகின் பேர் பிரேசிலுக்குப் போய்க் கட்டுமரமாகிவிட்டது. இரண்டு பேரும் நடுக்கடலில் சட்டையை மாற்றிக்கொண்டது போல.

பாலருவி எக்ஸ்பிரஸில் திரும்பும்போது இதை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த புதையல், கொஞ்சம் அளந்துதான் சொன்னேன். புனலூர் தாண்டி, மலைக்குள் ரயில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எதிர் பெர்த்தில் ஒருவர் குறட்டை. அப்பா கண்ணை மூடியிருந்தார். சட்டைப்பையிலிருந்த கயிறு விரலில் சுற்றியபடி இருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அந்த பிரேசில்காரன் மரத்தைக் கயித்துலதான் கட்டுறானா?"

போனில் தேடினேன். மலைக்குள் சிக்னல் வந்து வந்து போனது. கயிறு இல்லை, குறுக்கே துளை போட்டு மரமுளையை அறைந்து சேர்ப்பார்கள் என்று இருந்தது. சொன்னேன்.

"மொளையா?" எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு தண்டி மொளைன்னு போட்டிருக்கா?"

போடவில்லை. செங்கோட்டை வரை தேடிக்கொண்டிருந்தேன்.